‘சுட்டு’ என்பதன் வினைமுதல் யார்?

கொழும்பில் வெளியாகும் தமிழ் நாளிதழ் ஒன்றில் அண்மையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்துள்ள இளைஞர் ஒருவர் மின்னஞ்சல் வழியே ஒரு வினாவை எழுப்பியிருந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய பணி. ‘ஹூ வோஸ்’ என்று தொடங்கும் ஆங்கிலக் கிளைவாக்கியத்தின் நடுவே ஒரு வினையடை வந்து அமர்ந்துகொள்கிறது. செயப்பாட்டு வினையோடு சேர்த்து அதனைத் தமிழில் எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்பதே வினா. மூன்று வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். மூன்று வரியில் அடங்கும் விடயமாக அது இல்லை. இந்த நாட்டில் நாற்பது ஆண்டுகளாகத் தமிழில் செய்தி எழுதியவர்கள் தம்மை அறியாமலே இதே வினாவுக்கு நாள்தோறும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சரியான பதிலும் உண்டு, தவறான பதிலும் உண்டு.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். ‘த யூத் ஹூ வோஸ் அலெஜ்ட்லி அப்டக்டட்’ என்பது செய்தி நிறுவனங்களின் ஆங்கிலத்தில் நாள்தோறும் காணும் அமைப்பு. பெயர் முன்னே நிற்கும். அதன் பின்னர் ‘ஹூ’, பின்னர் ‘வோஸ்’, பின்னர் வினையடை, இறுதியில் வினை. இரு வினைச்சொற்களுக்கும் இடையே நெருக்குண்டு நிற்பதால் அந்த வினையடை வேறு எங்கும் ஓடிவிட முடியாது. எந்த வினையைத் தழுவுகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

தமிழில் ஒழுங்கு தலைகீழ். வினை முன்னே, பெயர் பின்னே. ‘கடத்தப்பட்ட இளைஞர்’ என்ற தொடரில் பெயரெச்சமும் பெயரும் ஒட்டிப் பிறந்தவை போல நிற்கின்றன. காலம், இடம், கருவி, தன்மை எல்லாம் பெயரெச்சத்தின் முன்னே வரிசையில் நிற்கவேண்டும். வரிசை நீண்டால் யார் யாரைச் சேர்ந்தவர் என்பது குழம்பிவிடும். ‘நேற்றுக் கடத்தப்பட்டதாகக் கூறப்படும் இளைஞர் மீட்கப்பட்டார்’ என்று எழுதுகிறோம். நேற்று நடந்தது கடத்தலா, கூறலா, மீட்பா? மூன்று வினைகளும் அந்த ஒரு ‘நேற்று’க்கு உரிமை கோரலாம். வினையடையை அது தழுவும் வினைக்கு மிக அருகில் வை. ஒரு வாக்கியம் மூன்று வினைகளைச் சுமக்குமானால் அதனை இரண்டாக வெட்டு. இவ்வளவுதான் இதற்கு மருந்து. ஆசிரியபீடத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது. இதில் தங்க வேண்டியதில்லை.

தங்க வேண்டிய இடம் அந்த ‘அலெஜ்ட்லி’. ஆங்கிலத்தில் அது வெறும் வினையடை. தமிழில் அதற்கு ஈடான வினையடை நம்மிடம் இல்லாததால் அதனை ஒரு வினையாக மாற்றினோம். அதையும் செயப்பாட்டு வினையாகவே மாற்றினோம். ‘கடத்தப்பட்டதாகக் கூறப்படும்’. எண்ணிப்பாருங்கள்: ஆங்கில வாக்கியத்தில் மறைந்திருப்பவர் ஒருவர்தான், கடத்தியவர். தமிழில் இருவர் மறைந்துவிட்டார்கள். கடத்தியவரும் இல்லை, கூறியவரும் இல்லை. கடத்தியவரைத் தெரியாது என்றால் அது நியாயம். கூறியவரை நமக்கு நன்றாகத் தெரியுமே! பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக்கொடுத்துவிட்டுப் பத்திரிகைக் காரியாலயத்தின் படியேறி வந்து, மகனின் அடையாள அட்டைப் பிரதியை மேசையில் வைத்துவிட்டு அழுத தாய் அவள். அவள் கண்ணால் கண்டதைக் கூறினாள். அச்சில் அது ‘கூறப்படும்’ ஆயிற்று. சாட்சியம் ஊர்ப்பேச்சு ஆயிற்று.

‘அலெஜ்ட்லி’ என்ற சொல்லை ஆங்கிலப் பத்திரிகைகள் நீதிமன்றத்துக்கு அஞ்சிக் கையாள்கின்றன. குற்றம் நிரூபிக்கப்படுமுன் எவரையும் குற்றவாளியாக்கலாகாது என்ற நெறி மதிக்கத்தக்கது. ஆயினும் அந்த நெறி காப்பது குற்றம் சாட்டப்பட்டவரை. ‘இன்னார் கடத்தியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதுவதில் பொருள் உண்டு. எவர்மீதும் குற்றம் சாட்டாத வாக்கியத்தில், ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார் என்ற நிகழ்வின் மீதே ஐயத்தைத் தூவுவதற்கு எந்த நீதிமன்றமும் நம்மைக் கேட்கவில்லை. ‘கடத்தப்பட்டதாகத் தாயார் முறைப்பாடு செய்துள்ள இளைஞர்’ என்று எழுதினால் இரு சொற்கள் கூடும். அந்த இரு சொற்களுக்கு இடமில்லாத பத்தியை நான் கண்டதில்லை.

இனி, செயப்பாட்டு வினையே ஆங்கிலத்திலிருந்து வந்த வேண்டாத விருந்தாளி, அதனை அடியோடு துரத்தவேண்டும் என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். தமிழகத்திலும் இந்தக் கட்சி வலுவாக உண்டு. எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ப் பெயரெச்சம் இயல்பாகவே செய்வினையை விரும்பும் என்பது மெய். ‘அம்மா சமைத்த சோறு’, ‘அப்பா கட்டிய வீடு’ என்போமே தவிர, ‘அம்மாவால் சமைக்கப்பட்ட சோறு’ என்று உண்ண அமரும் எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் செய்வினைப் பெயரெச்சத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு. அது செய்தவனுக்கும் பொருந்தும், செயப்பட்டவனுக்கும் பொருந்தும். தொல்காப்பிய உரைகளில் ‘புலிகொல் யானை’ என்றொரு எடுத்துக்காட்டு வரும். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தடுமாறு தொழிற்பெயர் என்று இதற்குப் பெயரிட்டு வைத்தார்கள். (போர்க்காலத்தில் இந்த எடுத்துக்காட்டை மாணவர் பக்கத்தில் அச்சிட்டிருந்தால் தணிக்கை அதிகாரி என்ன செய்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டதுண்டு. அவர் யானையைப் பற்றியும் கேட்டிருப்பார். யானை ஒரு கட்சியின் சின்னமல்லவா!) ஆக, கொன்றவன் எவன், செத்தவன் எவன் என்று தெளிவாகச் சொல்லவேண்டிய வாக்கியத்தில் ‘படு’ நமக்குத் துணைதான். செய்தித்தாள் அத்தகைய வாக்கியங்களால் ஆனது. நம் நாட்டுச் செய்தித்தாள் குறிப்பாக.

‘படு’ வினை செய்தவரை மறைக்கும் என்பது எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டு. அதனோடு வரும் வினையெச்சம் செய்தவரை விட்டுக்கொடுக்காது என்பதை எவரும் சொல்வதில்லை. ‘சுட்டுக் கொல்லப்பட்டவர்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரைப் படிக்காத நாளே இல்லை என்னும்படி ஒரு தலைமுறை வாழ்ந்தது. ‘கொல்லப்பட்டார்’ என்ற வினைக்கு எழுவாய் இறந்தவர். ‘சுட்டு’ என்பது யார் செய்த செயல்? இறந்தவர் சுடவில்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினைகொண்டே முடியவேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. எழுவாய் என்று அவர் சொல்லவில்லை, வினைமுதல் என்கிறார். அதாவது செயலைச் செய்தவர். சுட்டவரும் கொன்றவரும் ஒருவரே. விதி பிழைக்கவில்லை. வாக்கியத்தில் பெயர் இல்லை, முகம் இல்லை, உருபு இல்லை. ஆயினும் ‘சுட்டு’ என்ற ஈரெழுத்துக்குள்ளே, ஒற்றோடு சேர்த்தால் மூன்றெழுத்துக்குள்ளே, கொன்றவர் நின்றுகொண்டிருக்கிறார். ‘வெட்டிக் கொல்லப்பட்ட’, ‘இழுத்துச் செல்லப்பட்ட’, ‘கட்டி வைக்கப்பட்ட’ எல்லாம் அப்படியே. எழுத்தறியாத வாசகனும் இதில் ஒருபோதும் தடுமாறியதில்லை.

தடுமாறுவது வேறு வகை அடைகளில். ‘சீருடையில் கடத்தப்பட்ட மாணவன்’ என்று ஒரு தலைப்பு வந்தால் சீருடை யாருடையது? பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையா, பச்சைச் சட்டையா? ‘மதுபோதையில் தாக்கப்பட்ட சாரதி’ என்றால் குடித்திருந்தவர் யார்? இடைவெளியை மிச்சப்படுத்த ஓர் உருபை விழுங்கினால் குற்றம் ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிவிடுகிறது. ‘சீருடையில்’ என்பது வினையெச்சம் அன்று. அதற்கு வினைமுதலைத் தேடும் கட்டாயம் இல்லை. அருகில் உள்ள எவர்மீதும் அது போய் ஒட்டிக்கொள்ளும். ‘சீருடை அணிந்து வந்தோரால் கடத்தப்பட்ட’ என்று வினையாக்கிவிட்டால் ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டும். ஆங்கிலச் செய்தியின் வினையடையைத் தமிழாக்கும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடிய முதலாவது நடைமுறை யோசனை இதுவே. ‘ஆக’ சேர்த்தும் ‘இல்’ சேர்த்தும் அடை செய்வதைக் காட்டிலும், முடிந்த இடத்தில் வினையெச்சமாக்குங்கள். அது செய்தவரை நினைவில் வைத்திருக்கும்.

இலக்கணம் இங்கே அரசியலாகிறது. போர்க்காலத்தில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுதிய தமிழ்ச் செய்தியாளர்களுக்கு வினைமுதலைப் பெயர் சொல்லி எழுதும் சுதந்திரம் இருக்கவில்லை. எல்லாத் தரப்பாரிடமும் துப்பாக்கி இருந்தது. 2000 ஒக்ரோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2 ஆம் திகதி ‘உதயன்’ அலுவலகத்தினுள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். இத்தகைய சூழலில் பிறந்ததுதான் ‘இனந்தெரியாதோர்’ என்ற அந்தப் புகழ்பெற்ற சொல். ‘இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட’ என்பதை அச்சுக்கோப்பவர் ஒரே அசைவில் கோத்துவிடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வோம். அந்தச் சொல்லைக் கோழைத்தனம் என்று வெளிநாட்டிலிருந்து எழுதியவர்கள் உண்டு. காலி வீதியில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி இரவில் வீடு திரும்பவேண்டியிராதவர்களுக்கு அது எளிது.

வினைமுதலை எழுத முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அவர்கள் அடைகளில் எழுதினார்கள். எங்கே, எப்போது, எந்த வாகனத்தில், எந்தச் சாவடியிலிருந்து எத்தனை யார் தூரத்தில். ‘பட்டப்பகலில்’, ‘ஊரடங்கு அமுலில் இருந்த வேளையில்’, ‘இரு காவலரண்களுக்கு நடுவே’. வினைமுதல் இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாகவே இருக்கும். சுற்றிலும் உள்ள அடைகள் எல்லாம் அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். வாசகர்களும் அவ்விதமே படிக்கப் பழகினார்கள். தணிக்கைக்கு இலக்கணம் தெரியாது என்பது எங்களுக்கு வாய்த்த நற்பேறு.

பம்பலப்பிட்டியில் வாழும் எவருக்கும் இதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு, ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதியவரும் ‘தமிழ்நெற்’ தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவருமான தர்மரத்தினம் சிவராம் இங்கே கடத்தப்பட்டார். மறுநாள் காலை நாடாளுமன்றத்துக்கு அண்மையில், உயர் பாதுகாப்பு வலயத்தினுள், அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தச் செய்தியை இரு விதமாக எழுதலாம். ‘கொழும்பில் இனந்தெரியாதோரால் கடத்தப்பட்ட ஊடகவியலாளர் சடலமாக மீட்பு.’ இது ஒன்று. ‘பம்பலப்பிட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே கடத்தப்பட்ட ஊடகவியலாளர் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் சடலமாக மீட்பு.’ இது மற்றொன்று. இரண்டும் செயப்பாட்டு வினைதான். இரண்டிலும் வினைமுதல் இல்லை. இரண்டாவது வாக்கியம் எவர்மீதும் குற்றம் சாட்டவுமில்லை. ஆயினும் அது கேட்கும் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பொலிஸ் நிலையம் காலி வீதியில்தான் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கடந்தும் அதனைக் கடக்கும்போதெல்லாம் ‘எதிரே’ என்ற அந்த இடப்பொருட் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆங்கிலச் செய்தியில் இருந்த அடை தமிழில் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கொழும்பிலேயே சான்று உண்டு. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று ‘வவுனியாவுக்கு அனுப்பிவைக்கப்பட்ட தமிழர்கள்’ என்று எழுதியவர் மொழிபெயர்ப்பில் பிழை விடவில்லை. ஆனால் ‘அனுப்பிவைத்தல்’ என்பது விருந்தினரை வழியனுப்பும் சொல். ‘பலவந்தமாக’ என்ற ஓர் அடை முன்னே நிற்காவிட்டால் அந்த மனிதர்கள் விடைபெற்றுச் சென்றவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

பிறர் செய்ததைச் சொல்லும்போது மட்டும் அடைகளைத் தேடுவது நேர்மையன்று. 1990 ஒக்ரோபரில் வடக்கு மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணி நேர அவகாசம். அதன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தமிழில் அவர்கள் ‘இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்’. இடம்பெயர்தல் தன்வினை. மழைக்கும் வெள்ளத்துக்கும் இடம்பெயர்வோம். ‘வெளியேற்றப்பட்ட’ என்ற செயப்பாட்டு வினைக்கு வந்து சேரவே நம்மவரில் பலருக்கு நெடுங்காலம் பிடித்தது. ‘பலவந்தமாக’ என்ற அடை இன்னும் பிந்தியே வந்தது. வன்னியில் வீட்டுக்கொருவராகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளை ‘இயக்கத்தில் இணைந்துகொண்டோர்’ என்று எழுதிய காலமும் உண்டு. தாய்மார் மதிலேறிக் குதித்து ஓடியது ‘இணைந்துகொண்ட’ பிள்ளைகளின் பின்னாலா?

இத்தனையும் சொன்னது ஒரு தொடருக்கு வந்து சேர்வதற்காகவே. ‘காணாமல் போனோர்’. இருபது, முப்பது ஆண்டுகள் இந்தத் தொடரைத்தான் எழுதினோம். ‘போ’ என்ற துணைவினை தமிழில் தற்செயலைக் குறிக்கும். கெட்டுப்போன பால், தொலைந்துபோன திறப்பு, உடைந்துபோன சட்டி. எவர் கையும் படாமல், தானே நிகழ்ந்தது. தெற்கில் 1987 முதல் 1990 வரை ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களும், வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான தமிழரும் தொலைந்துபோன திறப்புகளைப் போலத் தமிழ் வாக்கியங்களில் இடம்பெற்றார்கள்.

ஆங்கிலமும் இதே இக்கட்டில் மாட்டிக்கொண்ட மொழிதான். ‘டிஸப்பியர்’ தன்வினை, அதற்குச் செயப்பாட்டு வடிவம் இருக்கமுடியாது. ஆர்ஜென்டினாவில் 1976 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஆட்களைக் கொண்டுசென்றபோது, 1977 ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் தாய்மார் கூடத் தொடங்கினார்கள். அவர்கள் உலகறியச் செய்த ‘டெஸாபரெசிடோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லோடு சேர்ந்து, இலக்கணத்துக்கு ஒவ்வாத ‘வேர் டிஸப்பியர்ட்’ என்ற செயப்பாட்டு வழக்கும் ஆங்கிலத்தில் பரவியது. 1980 இல் ஐக்கிய நாடுகள் அமைத்த செயற்குழுவின் பெயரில் இரு அடைகளைச் சேர்த்தார்கள்: ‘என்ஃபோர்ஸ்ட்’, ‘இன்வொலன்ரரி’. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது செய்தவனின் வன்மையைச் சொல்கிறது. பின்னது கொண்டுசெல்லப்பட்டவனின் விருப்பமின்மையைச் சொல்கிறது. ஒன்று கொன்றவன் பக்கம் பார்க்கிறது, மற்றொன்று செத்தவன் பக்கம். 1994 இல் சந்திரிகா குமாரதுங்க நியமித்த ஆணைக்குழுக்களின் ஆங்கிலப் பெயரில் இடம்பெற்றது பின்னது மட்டுமே.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர்கள் பத்திரிகையாளர்களோ மொழிபெயர்ப்பாளர்களோ மட்டும் அல்லர். ‘போனோர்’ என்றால் எங்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள், அவர்களைக் கொண்டுபோனார்கள் என்று வீதியில் நின்ற குடும்பத்தினர் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை விடாது பிடித்துக்கொண்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டங்கள் ஆரம்பித்தபோது பதாகைகளில் இன்னொரு சொல்லும் அதனோடு நின்றது: ‘வலிந்து’. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. பெயரெச்சத்தின் வேறொரு வடிவமான வினையாலணையும் பெயர், செயப்பாட்டு வினை, அதன் முன்னே ஓர் அடை. நம் இளைஞர் கேட்ட ஆங்கில அமைப்பின் தமிழ் வடிவம் அப்படியே இது.

மொழிப்பற்றுள்ள நண்பர்கள் சிலர் இந்த ‘வலிந்து’ மீது குறை காண்கிறார்கள். ‘வலிந்து சென்று உதவினார்’ என்றால் தானே விரும்பிச் சென்றார் என்று பொருள்; அப்படியானால் இவர்கள் தாமே விரும்பிக் காணாமல் ஆனவர்களா என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானது. விடை மேலே சொன்ன ‘சுட்டு’வில் இருக்கிறது. ‘வலிந்து’ வினையெச்சம். எழுவாயை அது பார்க்காது, வினைமுதலைப் பார்க்கும். வலிந்தவர் யாரோ, ஆக்கியவரும் அவரே. ‘பலவந்தமாக’ என்று எழுதியிருந்தால் அது செயலின் தன்மையைச் சொல்வதோடு நின்றிருக்கும். ‘வலிந்து’ செய்தவரைத் தேடிக்கொண்டு போகிறது. ‘விருப்பின்றி’ என்ற சொல்லைத் தாய்மார் தெரிவு செய்யாததும் கவனிக்கத்தக்கது. அவர்கள் சொல்ல வந்தது தங்கள் பிள்ளைகளின் மனநிலையை அன்று.

அரசின் தமிழ் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’. ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங் பேர்ஸன்ஸ்’ என்றிருப்பதை அப்படியே பெயர்த்தார்கள் என்பது சமாதானம். யுத்தகளத்தில் தொலைந்த படையினரும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருவதால் பொதுச்சொல் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் வலிந்து காணாமலாக்கலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. குற்றத்துக்குச் செய்தவன் உண்டு. ‘போன’வற்றுக்கு இல்லை.

2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஐ.நா. வதிவிட இணைப்பாளரைச் சந்தித்த பின்னர் வெளியான ஆங்கில அறிக்கையை அப்போதே கத்தரித்து வைத்தேன். காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் அல்லது வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் என்றும் அதில் கண்டிருந்தது. புலிகள் அதனைச் செய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, மேலேயே எழுதியிருக்கிறேன். நான் பார்த்தது இலக்கணத்தை. ஒரு தரப்பைப் பற்றிச் சொல்லும்போது செயப்பாட்டு வினைக்கு ‘ஆல்’ உருபும் கிடைக்கிறது, ‘வலுக்கட்டாயமாக’ என்ற அடையும் கிடைக்கிறது. மற்றவர்கள் வெறுமனே இறந்துவிட்டார்கள். எதனால், எவரால், எப்போது, எங்கே என்று ஓர் அடையும் இல்லாத இறப்பு. அந்த அறிக்கையை மொழிபெயர்க்க நேர்ந்தவருக்கு ஒரு சிரமமும் இருந்திராது.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இன்னும் உயர்த்தப்படும் பதாகைகளில் மேலும் ஒரு சொல் உண்டு. ‘இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. 2009 மே மாத நடுப்பகுதியில் முல்லைத்தீவுக் கரையில், பொது மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் குறிக்கும் தொடர் அது. இட நெருக்கடி வரும்போது ஆசிரியபீடம் முதலில் வெட்டுவது இந்தக் ‘கையளிக்கப்பட்டு’வைத்தான். வாக்கியம் நீளம், இரண்டு ‘படு’க்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஓசை நன்றாக இல்லை. எல்லாம் சரி. வெட்டுவதற்கு முன் அந்தத் தொடரை நம் இளைஞர் ஒருமுறை இலக்கணமாகப் படித்துப் பார்க்கட்டும். இரண்டு செயப்பாட்டு வினைகள்; இரண்டுக்கும் வினைமுதல் எழுதப்படவில்லை. ‘ஆக்கப்பட்டோர்’ என்பதன் வினைமுதல் யார் என்று பதில் சொல்ல எவரும் முன்வரவில்லை. ‘கையளிக்கப்பட்டு’ என்பதன் வினைமுதல் அந்தப் பதாகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். தன் கையால் கையளித்தவள் அவள். பெயர் கேட்டால் சொல்வாள்.